முதல் பாடவேளை யாருக்கு?

மே மாதக் கடைசி வாரம். பள்ளி திறக்கச் சில நாட்கள்தான் இருக்கும். தலைமையாசிரியர் அறையில் மேசை நிறைய ஒரு சார்ட் அட்டை விரிந்து கிடக்கும். இடப்பக்கம் கிழமைகள், மேலே ஒன்று முதல் எட்டு வரை பாடவேளை எண்கள், ஆசிரியருக்கு ஒரு வண்ணம். பென்சில், ரப்பர், ஆறிப்போன டீ. கால அட்டவணை போடும் வேலை பெரும்பாலான பள்ளிகளில் கணக்கு வாத்தியார் தலையில்தான் விழும். எண்களோடு பழகியவன், கட்டங்களை நிரப்பிவிடுவான் என்ற நம்பிக்கை. திருவண்ணாமலையைச் சுற்றி அரசுப் பள்ளிகளில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அட்டையைப் பல வருஷம் போட்டிருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்தபோது, மூத்த கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பையர் பள்ளி முழுமைக்கும் அட்டவணை போடும் வேலையை அந்தப் பையனிடம் விட்டுவிட்டாராம். சுமார் 1,200 மாணவர்கள், முப்பத்தைந்து ஆசிரியர்கள். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இதை அவருடைய மேதைமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். அந்த அட்டை என் கைக்குக் கிடைத்தால் நான் தேடுவது வேறு. முதல் பாடவேளையை எந்த வகுப்புக்குக் கொடுத்திருந்தார் என்று பார்ப்பேன்.

நாங்கள் கொடுப்பது பத்தாம் வகுப்புக்கு. பிறகு பன்னிரண்டு. பிறகு ஒன்பது. இந்த வரிசையை யாரும் எந்த ஆணையிலும் எழுதிவைக்கவில்லை, ஆனால் பள்ளிக்குப் பள்ளி அப்படியே இருக்கும். காலை முதல் இரண்டு பாடவேளை, பிள்ளைகள் பிரேயர் முடிந்து முகம் கழுவியதுபோல் உட்கார்ந்திருக்கிற நேரம், பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். முதுகலை ஆசிரியர் மேல்நிலை வகுப்புகளைவிட்டு இறங்கமாட்டார். பட்டதாரி ஆசிரியர்களில் மூத்தவர் பத்தாம் வகுப்பு, அடுத்தவர் ஒன்பது. கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு ஆறும் ஏழும். மேலிருந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டே வந்தால், ஆறாம் வகுப்புக் கணக்குக்கு மிஞ்சுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளைகள். அதிலும் வெள்ளிக்கிழமை எட்டாவது பாடவேளை ஒன்று கட்டாயம் வந்து சேரும். அந்த நேரத்தில் பாதிப் பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டும் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பிக் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைத்தான். கணக்கில் எத்தனை பேர் போனார்கள், எத்தனை சென்டம், மெல்லக் கற்போருக்கு என்ன செய்தீர்கள். ஆறாம் வகுப்பில் பின்னம் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கப்படாத வகுப்புக்கு மிச்சம்தானே கிடைக்கும்.

இதில் ஒரு பெரிய கணக்குப் பிழை இருக்கிறது என்பதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது. பத்தாம் வகுப்புக்கு மாலை ஐந்து மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் எடுப்போம். விகிதமுறு கோவைகளைக் கூட்டச் சொல்லிக்கொடுப்போம். பையன் பகுதியையும் பகுதியையும் கூட்டி, தொகுதியையும் தொகுதியையும் கூட்டி ஒரு விடை எழுதுவான். அடித்துத் திருத்துவோம். மறுநாளும் அதையே எழுதுவான். அவனுக்கு இயற்கணிதம் வராமலில்லை. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது ஆறாம் வகுப்பில் அவனுக்குள் போகவில்லை. நான்கு வருஷம் தள்ளிப்போன ஆறாம் வகுப்புப் பாடத்தைத்தான், களைத்துப்போன பிள்ளைகளுக்கு, களைத்துப்போன நாங்கள், மாலை ஐந்து மணிக்கு நடத்திக்கொண்டிருந்தோம். அதற்குப் பெயர் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு.

ஏன் போகவில்லை? இதையும் அந்த அட்டையிலேயே பார்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. 2018-இல் வந்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விகிதமும் விகிதசமமும் முதல் பருவத்தில் வருகின்றன, பின்னங்கள் மூன்றாம் பருவத்தில். விகிதத்துக்கு முன்னால் பின்னம் வரவேண்டாமா என்று ஆசிரியர் அறையில் சண்டை போட்டிருக்கிறேன். புத்தகம் எழுதியவர்களுக்கு அவர்கள் நியாயம் இருக்கும், அதை விடுங்கள். என் கவலை நாட்காட்டி. மூன்றாம் பருவம் என்றால் ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் திருப்புதல் தேர்வு, பிறகு செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பள்ளி தேர்வு மையமாகிவிடும். பெஞ்சுகள் தேர்வறைக்குப் போகும். எங்கள் பள்ளியில் அந்த நாட்களில் ஆறாம் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போகும், அல்லது மதியத்துக்கு மாறும், அல்லது வீட்டுக்கே போகும். கணக்கு ஆசிரியர் வேறு பள்ளிக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போயிருப்பார். அது முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் பணி. வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதற்கும், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதற்கும் ஒரு குழந்தைக்கு வாழ்நாளில் கிடைக்கிற முதல் வாய்ப்பு இந்த நெரிசலில்தான் வந்து மாட்டுகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டது. மார்ச்சில் அந்த மட்டுக்கும் பெஞ்சு மிஞ்சும்.

ஆறாம் வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செங்கம் சாலை, தண்டராம்பட்டு சாலை, துரிஞ்சாபுரம், கீழ்பென்னாத்தூர் என்று நாலு திசையிலிருந்தும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் டவுனுக்கு வருகிறார்கள். அங்கே பதினைந்து இருபது பேராக இருந்தவர்கள் இங்கே ஒரு பிரிவில் நாற்பத்தைந்து பேராக உட்கார்கிறார்கள். அங்கே ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுத்திருப்பார், பிள்ளையின் அம்மாவையும் தெரிந்திருக்கும். இங்கே நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முகம்.

அந்தச் சிறு பள்ளிகளில் நடந்த சோதனைகள் கொஞ்சமல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை நான் கிண்டல் செய்தவன்தான். அட்டைகள், ஏணிப்படி, அட்டையின் மூலையில் முயல் படம், பாயில் வட்டமாகக் குழு, பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்குச் சுவர் நெடுகக் கரும்பலகை. சர்க்கஸ் கூடாரம் என்றேன். பிறகு என் மருமகள் வேலை பார்த்த பள்ளிக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஒரு பையன் தன் அட்டையை முடித்துவிட்டு ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்தான். நேற்று வராத பிள்ளை முந்தாநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. என் வகுப்பில் நேற்று வராத பிள்ளைக்கு நேற்றைய பாடம் போனது போனதுதான். பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வகுப்புகளில் எத்தனை இடம் காலியாகக் கிடக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் விடிய விடியக் கற்பூரமும் பூவும் தண்ணீர் பாட்டிலும் விற்ற பிள்ளை எங்கே வரும்?

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்குக்கும் ஐந்துக்கும் நீண்டது. அதில் நிலைகளுக்கு வைத்த பெயர் அரும்பு, மொட்டு, மலர். பெயர் வைத்தவர் யாரோ, தமிழ் வாசித்தவர். கடைசி வரிசை, மக்கு, டல் என்றெல்லாம் நாங்கள் சொன்ன இடத்தில் அவர் 'அரும்பு' என்றார். அரும்பு என்றால் இன்னும் விரியவில்லை என்று மட்டும்தான் பொருள்.

இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அரும்பும் மலரும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். இங்கே பிரிவினை வேறு வகையில் நடக்கிறது. 'அ' பிரிவு ஆங்கில வழி, 'ஆ' பிரிவு தமிழ் வழி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. தரம் பார்த்துப் பிரிக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில், கொஞ்சம் வசதியும் கவனிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 'அ'வில் குவிந்தார்கள், காலையில் மாட்டைக் கட்டிவிட்டு வருகிற பிள்ளை 'ஆ'வில். சேர்க்கைப் படிவத்தில் ஒரு டிக், அவ்வளவுதான். கணக்கு எவ்வளவு தெரியும் என்று யாரும் பார்க்காமலே கணக்குக்கான குழு அமைந்துவிட்டது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. பெயர் வேண்டாம். 'ஆ' பிரிவு, மூன்றாவது பெஞ்ச். அம்மா பெரிய கோயில் பக்கம் பூக்கட்டி விற்பவர், மாலையில் இவளும் கூட உட்காருவாள். ஒரு ஜனவரியில் பின்னப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். முழம் முப்பது ரூபாய் என்றால் இரண்டரை முழம் எவ்வளவு என்று கேட்டேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் "எழுவத்தஞ்சு" என்றாள். போர்டில் 2½ × 30 என்று எழுதி, வந்து போடம்மா என்றேன். சாக்பீஸை வாங்கி, இரண்டு முப்பது அறுபது என்று எழுதினாள். அந்த ½-ஐக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை அறுபதுக்குப் பக்கத்தில் அழகாக வைத்தாள். 60½.

"அறுபதரை ரூபாய்க்கு ரெண்டரை முழம் குடுப்பியா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "அது பூ சார். இது கணக்கு."

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் எழுதியது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். கடையில் சிக்கலான கணக்கை மனசிலேயே போடுகிற பிள்ளைக்கு, அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தால் வரவில்லை. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைக்குத் தாளில் ஓரளவு வருகிறது, கடைக்கணக்கு வரவில்லை. வாசித்தபோது எனக்கு அந்த 60½ ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் இல்லாத ஒன்று அதே வகுப்பில் அடுத்த வாரம் நடந்தது.

வேற்றினப் பின்னங்களின் கூட்டல். பகுதிகளைச் சமமாக்க வேண்டும், மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும் என்று நான் ஓதிக்கொண்டிருந்தேன். வகுப்பு கொட்டாவி விட்டது. சட்டென்று ஒன்று தோன்றியது. "யார் வீட்டுலயாவது 'முக்காலே மூணு வீசம்'னு சொல்வாங்களா?" என்று கேட்டேன். ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. "எங்க ஆயா சொல்லும் சார், முக்காலே மூணு வீசம் வேல முடிஞ்சிதுன்னு." அப்படியென்றால்? "கொஞ்சூண்டுதான் பாக்கின்னு அர்த்தம்." எவ்வளவு பாக்கி? யாருக்கும் தெரியவில்லை. வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று சொன்னேன். போர்டில் ¾ + 3/16 என்று எழுதினேன். அமைதி. முக்காலில் எத்தனை வீசம் இருக்கும் என்று ஒரு பையன் தனக்குள் கேட்டுக்கொண்டு விரல் மடக்கினான். காலுக்கு நாலு வீசம், அப்போ முக்காலுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டும் மூணும் பதினஞ்சு. "பதினாறுல பதினஞ்சு சார்! பாக்கி ஒரே ஒரு வீசம்!" பூக்காரர் மகள் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஆயா சரியாத்தான் சொல்லிக்குது" என்றாள்.

அன்றைக்கு மீ.சி.ம. என்ற சொல்லை நான் திரும்ப எடுக்கவில்லை. பகுதிகளைச் சமமாக்கு என்றதை அவர்களே செய்துவிட்டார்கள்.

இந்த வீசத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கட்டுமானம் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளை முந்திரியில் தொடங்கும். முந்திரி 320-இல் ஒன்று. இரண்டு முந்திரி அரைக்காணி. நாலு முந்திரி ஒரு காணி, 80-இல் ஒன்று. நாலு காணி ஒரு மா, 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. பெயரே கூட்டல்தான். இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள், பதினாறில் ஒன்று வரும். அதுதான் வீசம். வேற்றினப் பின்னங்களைக் கூட்டி, அந்த விடையையே ஒரு சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். அணாவும் இதிலேயே பொருந்தியது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றால் அணா ஒரு வீசம்.

நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு அணாக் கணக்கும் உண்டு. 1896 ஆகஸ்டில் மதுரையில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்), அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு வந்தார். திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. எண்சுவடி மொழியில் இரண்டே முக்காலே வீசம். கையில் மிஞ்சியது மூன்று வீசம். செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊர் வந்து சேர்ந்தவர் பிறகு ஊரைவிட்டுப் போகவே இல்லை. இலக்கணப் பயிற்சியைப் பாதியில் மூடிவைத்துவிட்டுப் போன மாணவன் என்று ரமணரைச் சொல்வார்கள். டிக்கெட் கணக்கைச் சரியாகப் போட்டவர் என்பதைக் கணக்கு வாத்தியார்கள்தான் கவனிப்போம். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. பதினாறில் ஒன்று பையிலிருந்து போனது, ஆயாக்களின் வாயில் மட்டும் தங்கியது.

திண்ணைப் பள்ளியைத் தங்கம் என்று சொல்லவரவில்லை. கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட இடம் அது. 1822-இல் தாமஸ் மன்றோ மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது வந்த பட்டியல்களில் பெண் குழந்தைகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் திண்ணையில் ஏற உரிமையே இல்லை. என் மூன்றாவது பெஞ்ச் மாணவி அன்று தெருவில் நின்றிருப்பாள். ஆனால் கணக்கைக் கற்றுக்கொடுக்க அவர்கள் செய்திருந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு பிள்ளை முந்திரி வாய்பாட்டில் இருக்கும், பக்கத்துப் பிள்ளை நெல்லிலக்கத்தில் இருக்கும், பெரிய பையன் குழிமாத்தில் இருப்பான். முடிந்தால்தான் அடுத்தது. சின்னவர்களைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் பள்ளிக்கூடத்தைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளையையும் காட்டுகிறார்.

இந்தச் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எழும்பூரில் ராணுவ அநாதை ஆண்பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தம் விடுதியில் நடத்தி, ஊர் திரும்பி 1797-இல் அறிக்கை வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் 1833-இல் திறந்த மேல்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. பள்ளியின் பெயர் மெட்ராஸ் காலேஜ். இங்கேயோ, பத்தாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்புக்கு வாய்பாடு கேட்க அனுப்பினால், அவன் படிப்பு கெடுகிறது என்று மறுநாள் அப்பா வந்து நிற்பார்.

பிரித்து உட்காரவைப்பது நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு ஒரு காலத்தில் உறுதியான அபிப்பிராயம் இருந்தது. பிரிக்கவே கூடாது என்பேன். இங்கிலாந்தில் கணக்குக்கு மட்டும் பிள்ளைகளைத் தரவாரியாகப் பிரித்து வேறு வேறு அறையில் வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். ஜோ போலர் என்ற ஆய்வாளர் 1990-களில் இரண்டு பள்ளிகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 1997-இல் நூலாக்கினார். ஒரு பள்ளி தரம் பிரித்துப் புத்தகப் பயிற்சி நடத்தியது, இன்னொன்று எல்லாரையும் கலந்து உட்காரவைத்துப் பெரிய திறந்த கேள்விகளைக் கொடுத்தது. முதல் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சிக் கணக்கைப் போட்டார்கள், புதிதாக ஒன்று வந்தால் திகைத்தார்கள். கலந்து படித்தவர்கள் புதியதையும் தொட்டுப் பார்த்தார்கள், தேசியத் தேர்விலும் பின்தங்கவில்லை. அதை ஒரு துருப்புச்சீட்டாக வைத்திருந்தேன்.

பிறகு என் வகுப்பையே பார்த்தேன். ஐம்பத்திரண்டிலிருந்து பத்தொன்பதைக் கழிக்கத் தெரியாத ஒன்பது பேரை முழுக்கள் பாடத்தில் உட்காரவைத்து, எல்லாரும் சமம் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? 2025-இல் அரசு 'திறன்' என்று ஒரு இயக்கம் கொண்டுவந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு முதலான பிள்ளைகளுக்கு அடிப்படை மதிப்பீடு நடத்தி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்குத் தனிப் பயிற்சி. ஓய்வு பெற்றபின் வந்ததால் நான் நடத்திப் பார்க்கவில்லை. நடத்துகிற நண்பர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: அந்தக் குழுவிலிருந்து ஒரு பிள்ளை எப்போது வெளியே வரும், யார் அதைச் சொல்வார்கள்? அரும்பு மொட்டானால் அன்றே இடம் மாற வேண்டும். ஜூலையில் எழுதிய பெயர்ப் பட்டியல் மார்ச்சிலும் அப்படியே ஒட்டியிருந்தால் அது பழைய கடைசி பெஞ்சுதான். இன்னொரு கேள்வியும் உண்டு, அது கொஞ்சம் கசப்பு. அந்தக் குழுவை யார் எடுக்கிறார்கள்? பள்ளியிலேயே நன்றாகக் கணக்கு நடத்துபவரா, கையில் பாடவேளை மிஞ்சியவரா?

ஒரு வருஷம் நான் அட்டையைக் கீழிருந்து நிரப்பினேன். திங்கள், புதன், வெள்ளி முதல் பாடவேளை ஆறாம் வகுப்புக் கணக்கு, இரண்டு பிரிவுக்கும் ஒரே நேரத்தில். அப்படி வைத்தால் இரண்டு பிரிவையும் கலந்து மூன்று குழுவாக்கலாம், மூன்று ஆசிரியர் தேவை. பட்டதாரி ஆசிரியர் இருவர், மூன்றாவதாக முதுகலை ஆசிரியர். அவருக்கு என்மேல் கோபம். பின்னம் நடத்தவா எம்.எஸ்ஸி. படித்தேன் என்றார். இரண்டாவது வாரம் அவரே ஆறாம் வகுப்பைக் கிரிவலப் பாதை வரை கூட்டிப்போனார். ராஜகோபுரத்தை சைபர் என்று வைத்து, பதினாலு கிலோமீட்டரையும் வழியிலுள்ள அஷ்ட லிங்கங்களையும் தாளில் ஒரு கோடாகப் போடச் சொன்னார். ஆதி அண்ணாமலை ஏறக்குறைய பாதியில் வந்தது. ஒரு பையன், "சார், சுத்தி வந்தா பதினாலும் சைபரும் ஒரே எடமாச்சே, ரெண்டுல எத எழுதறது?" என்று கேட்டிருக்கிறான். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கடிகாரக் கணக்கை நான் ப்ளஸ் டூவுக்குக்கூட இப்படித் தொடங்கியதில்லை என்றார்.

பின்னத்தை ஜனவரிக்கு விடாமல் செப்டம்பரிலேயே தொட்டோம். புத்தக வரிசையைக் கலைத்ததற்கு விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தேன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழித்தல் வராத ஒன்பது பேரில் ஆறு பேருக்கு வந்தது, மூன்று பேருக்குக் கடைசி வரை வரவில்லை. அந்த மூவரில் ஒருவன் பாதியில் அம்மாவோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அடுத்த ஜூனில் எனக்கு மாறுதல் வந்தது. அந்தப் பள்ளியில் அட்டை பழையபடி மேலிருந்து நிரம்பியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஒரு விழுக்காடு குறைந்திருந்ததாம், அதுதான் காரணமாம். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு படித்தபோது யார் பின்னம் நடத்தினார்கள் என்று கேட்க நினைத்தேன். நான்தான் நடத்தியிருந்தேன், ஏழாவது பாடவேளையில்.

மே கடைசி வாரம் மறுபடி வரும். அட்டை மேசைக்கு வரும்போது, எந்தப் பள்ளியாக இருந்தாலும், பென்சிலை முதலில் ஆறாம் வகுப்புக் கணக்கின் மேல் வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் முதல் பாடவேளை, பள்ளியிலேயே நன்றாக நடத்துகிற ஆசிரியர், பின்னத்துக்கு செப்டம்பர். பிறகு பத்தாம் வகுப்புக்கு வாருங்கள். கட்டம் போதாமல் போகும், தெரியும். அப்போது கூப்பிடுங்கள். அட்டை போட வருகிறேன், போளூர் ரோட்டில்தான் வீடு.